விடுமுறைக்குப் புத்தகம் சொன்னவர்கள்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தைச் சேர்ந்த ஹார்ட்ஃபோர்ட் நகரில், சந்தா கட்டிய அங்கத்தினருக்கென்று நடந்துவந்த ஒரு நூலகம் 1878ஆம் ஆண்டில் வெளியிட்ட தன் செய்தி மடலில், ஒரு பையன் ஆறு மாதத்துக்குள் 102 கதைப் புத்தகங்களையும், ஒரு சிறுமி அதே காலத்துக்குள் 112 நாவல்களையும் எடுத்துச் சென்றதாக ஒரு செய்தி வந்தது. இக்காலத்து நூலகம் எதுவாயினும் அவ்விரு குழந்தைகளையும் மேடையில் ஏற்றிப் பரிசு வழங்கிப் புகைப்படமும் எடுத்திருக்கும். ஆனால் அந்த மடலை எழுதிய நூலகர், பள்ளிப் பாடங்களோடு வாரத்துக்கு ஒரு புத்தகமே போதுமானதென்றும், இந்த வேகம் வாசிப்பாகாதென்றும் பெற்றோருக்கு எச்சரிக்கையாகவே அக்கணக்கைச் சொன்னார். கோடை விடுமுறையில் குழந்தைகளைக் கூட்டி வைத்துக் கதை சொல்வது, இன்ன வயதினருக்கு இன்ன நூல் என்று பட்டியல் எழுதித் தருவது, வெளியே அழைத்துப் போய்ப் பறவையும் செடியும் காட்டுவது என்று இன்று உலகமெங்கும் பொதுநூலகங்களில் வழக்கமாகிவிட்ட ஏற்பாடுகளின் மூலத்தைத் தேடிச் செல்வோர், எப்படியும் இந்த அம்மையாரிடம்தான் வந்து சேரவேண்டும். அவர் பெயர் கரோலின் மரியா ஹெவின்ஸ்.

1846இல் மாசசூசெட்ஸ் மாநிலத்து ராக்ஸ்பரியில், ஒன்பது குழந்தைகளுள் மூத்தவராகப் பிறந்த அவர், தம்பி தங்கைகளுக்கு வாசித்துக் காட்டியே வளர்ந்தவர். பாஸ்டன் அதீனியம் என்னும் புகழ்பெற்ற நூலகத்தில், அக்காலத்து நூலகர்களுள் மூத்தவரான வில்லியம் ஃபிரெடரிக் பூல் என்பாரிடம் சிறிது காலம் தொழில் பயின்று, 1875இல் ஹார்ட்ஃபோர்டுக்கு உத்தியோகத்தின் நிமித்தமாக வந்தவர், ஆயுள் முடியும் வரை அந்த ஊரை விட்டு நீங்கவில்லை. அமெரிக்க நூலகச் சங்கத்தின் மாநாட்டில் எழுந்து பேசிய முதல் பெண்மணி என்று சரித்திரம் இவரைக் குறிப்பிடுகிறது. 1877இல் நிகழ்ந்த அந்தப் பேச்சு ஒரு கேள்விதான்: மாசசூசெட்ஸில் நாய் வளர்ப்போரிடம் வசூலிக்கும் வரியை நூலகங்களுக்குச் செலவிடுகிறார்களே, வேறு மாநிலங்களிலும் அப்படி உண்டா என்று அவர் வினவினார். இலட்சியம் பேசுவதற்காகக் கூடிய அந்தச் சபையில் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்ட இந்தக் குணமே, அவருடைய பிற்காலத்துக் காரியங்கள் அனைத்துக்கும் அடிப்படையாக இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

அந்நாளில் பொதுநூலகம் என்பது பெரியவர்களின் ஸ்தாபனம். பன்னிரண்டு அல்லது பதினான்கு வயது நிரம்பாதவர்கள் உள்ளே வரலாகாது என்பது பல ஊர்களில் எழுதப்பட்ட விதியாகவே இருந்தது; புத்தகம் கிழியும், அமைதி கெடும், கைவிரல் அழுக்குப் படியும் என்பவை அதற்குச் சொல்லப்பட்ட காரணங்கள். 1890இல் பாஸ்டனுக்கு அடுத்த புரூக்லைன் ஊரின் நூலகம் குழந்தைகளுக்கென்று ஒரு வாசக அறையைத் திறந்தபோது, அதற்குக் கிடைத்த இடம் கட்டிடத்தின் அடித்தளம். 1894இல் அமெரிக்க நூலகச் சங்கத்தின் லேக் பிளாசிட் மாநாட்டில் மில்வாக்கி நகரத்து லூட்டி ஸ்டேர்ன்ஸ் என்னும் நூலகர், குழந்தைகளின் வாசிப்பைப் பற்றிய அறிக்கையொன்றைப் படித்து, இந்த வயதுத் தடை நீங்கவேண்டும் என்று வற்புறுத்திய பிறகே சங்கத்தார் அனைவரும் விஷயத்தைக் கருதலாயினர். 1896இல் புரூக்ளினிலுள்ள பிராட் கலாசாலையின் புதிய நூலகம், குழந்தைகளுக்கென்று தனி அறையைக் கட்டிட வரைபடத்திலேயே சேர்த்துக் கட்டப்பட்டது. அவ்வறையின் பொறுப்பை ஏற்ற ஆன் கரோல் மூர் என்பவரே பிற்பாடு நியூயார்க் நகர நூலகத்தில் குழந்தைகள் பகுதியைப் பல்லாண்டு ஆண்ட பேரரசி.

கதவு திறந்ததும் கோடைக்காலம் ஒரு பிரச்சினையாகத் தென்பட்டது. பயிர் வேலைக்குப் பிள்ளைகள் வேண்டும் என்பதற்காகவே அமெரிக்கப் பள்ளிகள் கோடையில் மூடப்பட்டன என்று பலரும் எழுதிவருகிறார்கள். அது முழு உண்மையன்று. உழவுக்கும் அறுவடைக்கும் ஆள் வேண்டியிருப்பது வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலுமே. ஆகவே கிராமத்துப் பள்ளிகள் கோடையிலும் குளிர்காலத்திலும் நடந்தன, நகரத்துப் பள்ளிகளோ ஏறக்குறைய ஆண்டு முழுதும் நடந்தன. நகரங்களின் புழுக்கம், நோய் பற்றிய அச்சம், வசதி படைத்தோர் கோடையில் மலைக்கும் கடற்கரைக்கும் போய்விடும் வழக்கம், எங்கும் ஒரே பாடக்காலம் வேண்டுமென்ற கல்வி அதிகாரிகளின் விருப்பம் ஆகிய யாவும் சேர்ந்துதான் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நீண்ட கோடை விடுமுறையை நிலைப்படுத்தின. மலைக்குப் போக இயலாத தொழிலாளியின் பிள்ளைகள் தெருவில் நின்றார்கள். அயர்லாந்திலிருந்தும் இத்தாலியிலிருந்தும் ருஷ்யாவிலிருந்தும் கப்பலேறி வந்து, ஒற்றை அறையில் குடும்பமாக வாழ்ந்த மக்களின் பிள்ளைகள் அவர்கள். அவர்களுடைய விடுமுறையே நூலகத்துக்கு வேலையாக வந்து வாய்த்தது.

ஹெவின்ஸ் அம்மையார் இதற்கெல்லாம் முன்னரே பட்டியல் எழுதத் தொடங்கியிருந்தார். 1882இல் ‘பப்ளிஷர்ஸ் வீக்லி’ காரியாலயத்தார் வெளியிட்ட ‘புக்ஸ் ஃபார் தி யங்’ என்னும் அவருடைய சிறு நூல், பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் வழிகாட்டியாக, நல்ல நூல்களைத் தெரிந்தெடுத்து வரிசைப்படுத்திய முதற் பட்டியல்களுள் ஒன்று. அதே ஆண்டில் இருபத்தைந்து நூலகங்களுக்குக் கடிதம் எழுதி, பிள்ளைகளிடத்தில் நல்ல வாசிப்பின்மேல் ஆசையை வளர்க்க நீங்கள் செய்வது என்ன என்று வினவி, வந்த பதில்களைத் தொகுத்துச் சங்கத்தின் முன் வைத்தார். பல பதில்களின் சாரம், ஒன்றுமே செய்யவில்லை என்பதுதான். பட்டியல் தயாரிப்பதில் அவர் தாட்சணியம் பார்த்தவரல்லர். ஏழைப் பையன் சாமர்த்தியத்தாலும் அதிருஷ்டத்தாலும் செல்வனாகும் கதையையே திருப்பித் திருப்பி எழுதிய ஹொரேஷியோ ஆல்ஜர், ஆலிவர் ஆப்டிக் என்ற புனைபெயரில் சாகசக் கதைகளை மலைமலையாகக் குவித்த வில்லியம் ஆடம்ஸ் ஆகியோரை அவர் சிறிதும் மதிக்கவில்லை. கிரிம் சகோதரர்களும் ஆண்டர்சனும் ஸ்காட்டும் டிக்கன்ஸும் எழுதியவை இருக்கையில் ஒரு பிள்ளை ஏன் சருகு தின்னவேண்டும் என்பது அவர் கொள்கை. இதில் சற்றே மேட்டிமை கலந்திருந்தது என்று பின் வந்தவர்கள் குறை கூறினர். குறையில் வாஸ்தவம் இல்லாமற் போகவில்லை. ஆல்ஜரைப் படித்தே எழுத்துக் கூட்டக் கற்ற பிள்ளைகளும் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். ஆயினும், தம் பட்டியலில் இடம்பெற்ற நூலைத் தாமே முழுக்கப் படித்தவர் என்ற யோக்கியதை அவருக்கு இருந்தபடியால், அவருடைய மறுப்புக்கும் மதிப்பு உண்டு.

1892இல் ஹார்ட்ஃபோர்ட் நூலகம் சந்தா முறையை விடுத்து அனைவருக்கும் இலவசமாவதற்கு வழி பிறந்ததும், அவருடைய வேலை பன்மடங்காயிற்று. குடியேறிய மக்கள் நெருங்கி வாழ்ந்த வடக்குத் தெருவில், ஏழைகளுக்கு ஒத்தாசையாக அமைந்த ஒரு சேவை இல்லத்தில் 1895இல் கிளை நூலகம் ஒன்றை ஏற்படுத்தியதோடு நில்லாமல், அவர் தாமும் அந்த இல்லத்துக்கே குடிபெயர்ந்து பன்னிரண்டு ஆண்டுகள் வசித்தார். மாலையில் அந்தத் தெருப் பிள்ளைகள் என்ன பேசுகிறார்கள், எந்தக் கதைக்குச் சிரிக்கிறார்கள், எந்தப் பக்கத்தில் கொட்டாவி விடுகிறார்கள் என்பதையெல்லாம் பக்கத்தில் இருந்தே அறிந்தவர் எழுதும் பட்டியலுக்கும், காரியாலயத்தில் அமர்ந்து விளம்பரத் தாள்களைப் பார்த்து எழுதும் பட்டியலுக்கும் உள்ள பேதத்தை விவரிக்கத் தேவையில்லை. இயற்கையை நேரில் கண்டு கற்பதற்கான அகாசி சங்கத்தின் கிளையொன்றை நூலகத்தில் ஏற்படுத்திப் பிள்ளைகளை வயல்வெளிக்கும் காட்டுக்கும் அழைத்துச் சென்று, அங்கே கண்ட பறவைக்கும் பூச்சிக்கும் பெயரும் வரலாறும் கூறும் நூலைத் திரும்பி வந்து எடுத்துக் கொடுத்தார். ஐரோப்பாவுக்குப் பிரயாணம் போனால் ஊர் ஊராகப் பொம்மைகள் வாங்கி வந்து, புத்தாண்டில் பொம்மைகளுக்கு வரவேற்பு விழா நடத்தினார். 1898 வாக்கில், கோடை விடுமுறையில் வாரம் ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டிப் புத்தகங்களைப் பற்றிப் பேசும் வழக்கத்தை ஏற்படுத்தினார். கோடைக்கால நூலக நிகழ்ச்சி என்று இன்று சொல்லப்படுவதற்கு, நமக்குத் தெளிவாகத் தெரிந்த முன்னோடிகளுள் அது ஒன்று. அதில் போட்டியில்லை, பரிசில்லை. ஒரு நூலை விரித்து ஒரு பகுதியைச் சொல்லி, மிச்சத்தை அறிய விரும்பினால் வீட்டுக்கு எடுத்துப்போ என்பதுதான் முறை.

இதே ஆண்டுகளில் ஓஹையோவின் கிளீவ்லாந்து நகரில், ஆசிரியையாக இருந்து நூலகப் பணிக்கு வந்த லிண்டா ஈஸ்ட்மன், தலைமை நூலகர் வில்லியம் ஹோவர்ட் பிரெட்டின் ஆதரவோடு, 1895 வாக்கில் பள்ளிகள் மூடுவதற்கு முன்பே நல்ல புத்தகங்களின் பட்டியலைப் பிள்ளைகளிடம் சேர்ப்பித்தார். 1897இல் அங்கே தோன்றிய ‘லைப்ரரி லீக்’ என்னும் சிறுவர் சங்கத்துக்குச் சுத்தமான இதயம், சுத்தமான கை, சுத்தமான புத்தகம் என்பதே விரதம். புத்தகத்தைக் கிழியாமல் காப்பதற்காகத் தொடங்கிய அச்சங்கத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் சேர்ந்தார்கள். கை அழுக்கென்று எந்தப் பிள்ளைகளை வெளியே நிறுத்தினார்களோ, அவர்களையே காவலராக்கிவிட்ட இந்த யுக்தியை நான் பெரிதும் ரசிக்கிறேன். ஈஸ்ட்மன் 1918இல் அந்நூலகத்தின் தலைமைப் பதவியை ஏற்றார். அவ்வளவு பெரிய நகரத்து நூலகம் ஒன்றை ஒரு பெண்மணி நிர்வகித்தது அதுவே முதல் முறை.

எஃகு ஆலைகளின் ஊராகிய பிட்ஸ்பர்கில், 1898 முதல் குழந்தைகள் பகுதியை நிர்வகித்த ஃபிரான்செஸ் ஜென்கின்ஸ் ஆல்காட், நூலகத்துக்கு வராத பிள்ளையைத் தேடி நூலகமே போகவேண்டும் என்று தீர்மானித்தார். கோடையில் நகரத்து விளையாட்டு மைதானங்களுக்குப் புத்தகப் பெட்டிகளை அனுப்பி, அங்கேயே கதை சொல்லி, அங்கேயே புத்தகம் கொடுத்தார்கள். தொழிலாளர் வீடுகளிலேயே சிறு அலமாரி வைத்து, அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைக் கூட்டி வாரம் ஒரு முறை ஒருவர் வாசித்துக் காட்டும் ‘வீட்டு நூலகம்’ என்ற ஏற்பாடும் இருந்தது. இதற்குத் தக்க ஆட்கள் கிடைப்பது அரிதாக இருந்தமையால், குழந்தை நூலகர்களைப் பயிற்றுவிக்கும் பள்ளியையும் அவர்களே நிறுவினார்கள்.

நூலகமே தேடிப்போவதில் இவர்கள் அனைவரையும் விஞ்சியவர் மேரி டிட்கம். மேரிலாந்து மாநிலத்து ஹேகர்ஸ்டவுனில் 1901இல் திறக்கப்பட்ட வாஷிங்டன் வட்டார நூலகத்தின் தலைவராகிய அவர், பண்ணை வீடுகளுக்குப் புத்தகம் எட்டவேண்டும் என்பதற்காக 1905இல் இரண்டு குதிரைகள் பூட்டிய புத்தக வண்டி ஒன்றை ஓடவிட்டார். வெளிப்புறத்தில் அலமாரிகளும் நடுவில் பெட்டிகள் வைக்கும் இடமுமாக அமைந்த அவ்வண்டியை ஓட்டியவர், நூலகத்தின் காவற்காரரும் அவ்வட்டாரத்துச் சந்து பொந்தெல்லாம் அறிந்தவருமான ஜோஷுவா தாமஸ். வண்டிக்கு முதலில் அடித்த வர்ணம் கறுப்பாக இருந்ததால், பிணம் ஏற்ற வந்த வண்டியென்று எண்ணிய ஒரு குடியானவர், இங்கே நிறுத்தவேண்டிய அவசியமில்லை என்று விரட்டிவிட்டாராம். அதன்பின் சக்கரங்களுக்கும் கதவுகளுக்கும் சிவப்புப் பூசினார்கள். 1910இல் இருப்புப்பாதையைக் கடக்கையில் சரக்கு ரயில் மோதி வண்டி நொறுங்கிற்று. 1912இல் மோட்டார் வண்டி வந்தது.

தெற்கு மாநிலங்களில் நிலைமை வேறு. வெள்ளையரின் நூலகத்துக்குள் கறுப்பு மக்கள் நுழையலாகாது என்றிருந்த கென்டக்கி மாநிலத்து லூயிவில் நகரில், 1905இல் ஒரு வீட்டின் வாடகை அறைகளில் தொடங்கி, 1908இல் கார்னெகி என்னும் செல்வந்தரின் நன்கொடையால் சொந்தக் கட்டிடம் பெற்ற மேற்குக் கிளையை நிர்வகித்தவர் தாமஸ் ஃபவுண்டன் புளூ என்னும் கறுப்பினப் பெரியார், பணிபுரிந்தவர்களும் அவ்வினத்தவரே. அங்கே பிள்ளைகள் கதை கேட்பதோடு கதை சொல்லவும் பழகினார்கள். கவிஞரும் பள்ளித் தலைவருமான ஜோசப் காட்டர், சிறந்த கதைசொல்லிக்கென்று வெள்ளிக் கோப்பை ஒன்றை வழங்கியதால் ஆண்டுதோறும் கதைப்போட்டி நடந்தது. வடக்கே நியூயார்க்கில், 1920களில் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வந்த பூரா பெல்ப்ரே, ஸ்பானிய மொழியிலும் ஆங்கிலத்திலும் கதை சொல்லத் தொடங்கினார். பின்னர் அங்கேயே அகஸ்டா பேக்கர், கறுப்பு மக்களின் வாழ்க்கையை இழிவின்றிச் சித்திரிக்கும் குழந்தை நூல்களைத் தேடித்தேடிப் பட்டியல் இட்டார். நல்ல நூல் எது என்ற தீர்ப்பில் யாருடைய முகம் அந்நூலில் இருக்கிறது என்பதும் சேரும் என்று ஹெவின்ஸ் தலைமுறைக்குத் தோன்றாததை, இவ்விருவரும் தோன்றச் செய்தார்கள்.

1920களிலும் 30களிலும் கோடை வாசிப்பு மன்றங்கள் அமெரிக்காவெங்கும் பரவியபோது ஒரு மாறுதல் நிகழ்ந்தது. சுவரில் ஒரு வரைபடம். அதில் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கப்பலோ குதிரையோ. ஒரு புத்தகம் முடித்தால் ஒரு கட்டம் முன்னேறும், பத்து முடித்தால் நட்சத்திரம், கோடை முடிந்ததும் நற்சான்றுத் தாள். எண்ணிக்கையால் மந்தமான பிள்ளை வெட்கி விலகும், சாமர்த்தியமான பிள்ளை மெல்லிய புத்தகமாகத் தேடி எடுக்கும் என்று நூலகர்களுக்குள்ளேயே வாதம் எழுந்தது. அந்த வாதம் இன்றளவும் முடிந்தபாடில்லை. 1878இல் குறையாகக் கூறப்பட்ட 102 என்னும் எண், ஐம்பது ஆண்டுகளில் வெற்றியின் அடையாளமாகிவிட்டது.

எண்ணிக்கை வெறும் வீண் என்று நான் சொல்லவரவில்லை. பார்பரா ஹெய்ன்ஸ் என்னும் சமூகவியல் அறிஞர், அட்லாண்டா நகரத்து ஆறாம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஆராய்ந்து 1978இல் வெளியிட்ட நூலில், விடுமுறையில் ஏழைப் பிள்ளைகள் பின்தங்குவதையும், அக்காலத்தில் படித்த புத்தகங்களின் தொகை கூடக்கூட அவர்களின் கற்றல் வளர்வதையும், கோடையில் பிள்ளைகளின் அறிவு வளர்ச்சிக்குப் பொதுநூலகத்தைப் போல் துணைநின்ற வேறொரு பொது ஸ்தாபனம் இல்லை என்பதையும் நிறுவிக் காட்டினார். வீட்டுக்கும் நூலகத்துக்கும் இடையிலுள்ள தூரமும் அதில் ஒரு காரணமாகத் தெரிந்தது. டிட்கம் அம்மையார் குதிரை வண்டி கட்டியதற்கு எழுபது ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த அத்தாட்சி இது. 1987இல் மின்னசோட்டாவில் சில வட்டார நூலக அமைப்புகள் கோடை வாசிப்புக்காகக் கூடித் தொடங்கிய கூட்டு முயற்சி, பின்னர் பல மாநிலங்களிலும் ஒரே கோடைக்கு ஒரே பொருள், ஒரே சுவரொட்டி என்று பரவிற்று. 1999இல் பிரிட்டனிலும் அவ்வகை வாசிப்புச் சவால் தொடங்கிற்று. செலவு குறைந்தது, அழகு கூடிற்று. அந்தத் தெருவின் பிள்ளையை அறிந்து எழுதிய பட்டியல் மட்டும் அருகிவருகிறது.

நம் நாட்டிலும் இச்சரித்திரத்துக்கு ஒரு கிளை உண்டு. நூலகவியல் அறிஞரான சீர்காழி ரங்கநாதன் முதலியோரின் பிரயாசையால் 1928இல் தோன்றிய சென்னை நூலகச் சங்கம், மறு ஆண்டே கோடைக்காலப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கிற்று; இங்கே கோடையில் வகுப்புக்கு வந்தவர்கள் பிள்ளைகளல்லர், நூலகம் நடத்தக் கற்க வந்த பெரியவர்கள். 1931இல் அப்பள்ளியைச் சென்னைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டது. அதே 1931ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்தில், மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை என்னும் உபகாரியின் முயற்சியால் மாட்டு வண்டி நூலகம் புறப்பட்டு, புத்தகத்தைக் கிராமத்து வாசலுக்கே கொண்டுபோயிற்று. 1948இல் இயற்றப்பட்ட சென்னைப் பொதுநூலகச் சட்டம், சொத்து வரியில் ரூபாய்க்கு ஆறு தம்படி வீதம் நூலக வரி சேர்த்து வசூலிக்க வழி செய்தது. நாய் வரியைப் பற்றி ஹெவின்ஸ் கேட்ட கேள்விக்கு நம் பக்கத்துப் பதில் அது. இந்தியாவில் இத்தகைய சட்டம் கண்ட முதல் மாகாணம் நம்முடையது. வரி இருக்கிறது, கட்டிடம் இருக்கிறது, மாவட்ட நூலக ஆணைக்குழுக்கள் இருக்கின்றன. நம் கோடை விடுமுறையோ ஏப்ரல் கடைசியிலேயே வந்துவிடுகிறது.

ஆகவே கிளை நூலகங்களில் பணிபுரியும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். தாங்கள் வாசித்துப் பார்த்து நன்றென்று கண்ட இருபது புத்தகங்களின் பெயரை, எந்த வயதுப் பிள்ளைக்கு எது என்ற குறிப்போடு, தேர்வு முடியும் முன்பே ஒரு தாளில் எழுதி வாசலில் ஒட்டிவையுங்கள். வாரம் ஒரு நாள் சாயங்காலம் அவற்றுள் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு பிள்ளைகளின் நடுவே உட்காருங்கள். யார் எத்தனை படித்தார் என்ற கணக்கை அடுத்த ஆண்டுக்கு ஒத்தி வைக்கலாம்.